பைலட்டுக்கு ஒரு காடு

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, சனிக்கிழமை வந்தால் தன் நாயைக் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுவாள். எந்தக் காட்டுப்பாதையில் நாயை அனுமதிப்பார்கள், எந்த ஓடையில் அது இறங்கிக் குளிக்கலாம், எந்தப் பள்ளத்தில் அதன் கால் வழுக்கும் என்பதெல்லாம் அவள் போனிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை படங்களைக் காட்டுவாள். நானும் நன்றாக இருக்கிறது என்பேன். ஒரே ஒரு நாயை நடக்க வைக்க ஒரு காடு தேடி என் அப்பா அலைந்த அலைச்சல் அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அப்பா ஏரலில் பாத்திரக்கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அப்பாவுக்கு ஒரே தங்கை. அத்தையைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். பாதி வருஷம் கடலில் இருப்பார், மீதி நாள் வீட்டில். வீட்டில் இருக்கும் நாட்களில் பொழுது போகவேண்டுமே என்று ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கி வளர்த்தார். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பலில் ஏறி, அதை உள்ளே கொண்டுவந்து சேர்ப்பவருக்குப் பைலட் என்று பேராம். மாமா அந்தப் பெயரையே குட்டிக்கு வைத்தார். அது வளர்ந்து கன்றுக்குட்டி அளவுக்கு ஆனது. எனக்குத் தெரிந்து அது யாருக்கும் வழி காட்டியதில்லை. பிஸ்கட் வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போகிறாரோ அதுதான் அதற்கு வழி.

அத்தைக்கு நாய் என்றால் ஆகாது. சின்ன வயதில் ஏதோ தெருநாய் துரத்தியிருக்கிறது. பைலட்டின் பெயரைக்கூட அவள் சொல்ல மாட்டாள். ‘அது’ என்பாள். ‘அது சாப்பிட்டுட்டு’, ‘அது படுத்துட்டு’. தொட மாட்டாள். ஆனால் சாயங்காலம் ஆனால் ஒரு எவர்சில்வர் தூக்கில் சோற்றையும் முட்டையையும் பிசைந்து எடுத்துவந்து, தள்ளி நின்று தட்டில் கொட்டுவாள். கொட்டும் முன்பு தூக்கின் மூடியை வளையலால் ரெண்டு தட்டு தட்டுவாள். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

அந்த ஐப்பசியில் அத்தை ஒரு துணிப்பையோடும் நாயோடும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். மாமாவின் கப்பல் வர நாளாகுமாம், அதுவரை இங்கேதான் இருப்பாளாம். எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மாமாவின் கப்பலை ஆப்பிரிக்காப் பக்கம் நடுக்கடலில் கொள்ளையர்கள் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதும், கப்பல் கம்பெனி ஆபீஸிலிருந்து ‘பேசிக்கிட்டிருக்கோம்’ என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை என்பதும் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு டி.வி. அந்தச் சமயத்தில்தான் ரிப்பேரானது. ஒயர் கழன்று கிடந்ததை நானே பார்த்தேன். மாட்டுகிறேன் என்று போனபோது அம்மா அடித்து உட்காரவைத்தாள். கடைக்கு வரும் பேப்பர் கடையோடு நின்றது. அப்பா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வாழை மரத்தடிக்குப் போய்ப் பேசினார். கடையில் ஏதோ கொள்முதல் சிக்கல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை உள்ளறையிலேயே இருந்தாள். குளிப்பாள், வந்து உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடுவாள், திரும்பப் போய்விடுவாள். சாயங்காலம் நாய்க்குச் சோறு பிசைய மட்டும் தவறாமல் எழுந்து வருவாள்.

நாய்க்கு எங்கள் வீடு போதவில்லை. தூத்துக்குடியில் மாமா அதைத் தினமும் காலையில் கடற்கரைக்கு ஓட்டிப்போவார். இங்கே அது முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்து, வாலால் அடுக்கிவைத்த குடங்களைத் தட்டிவிட்டது. அப்பா அதை பஜார் வழியாக நடத்திக்கொண்டு போனார். தெருநாய்கள் எல்லாம் கூட்டமாகப் பின்னால் வந்தன. பைலட் பயந்துபோய் அப்பாவின் வேட்டிக்குள் நுழையப் பார்த்தது. மறுநாள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே வயலில் வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. பைலட் ஆசையாக உள்ளே ஓடியது. வாத்துகள் நாலு திசைக்கும் சிதறின. வாத்துக்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவைத் திட்டிய திட்டை நான் வீட்டில் சொல்லக்கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டார்.

“இதுக்கு ஒரு காடு வேணும்ளா,” என்றார் அம்மாவிடம். “ஆளு இல்லாத எடமா, தண்ணி ஓடுற எடமா, நல்லா நடக்குற மாதிரி.”

“ஏன், உங்க தொப்பைக்கும் சேத்துத்தான் நடக்கணும்,” என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைச் சரக்கு ஏற்றும் வேனைக் கழுவினார்கள். மேற்கே மலையடிவாரத்தில் அருவிக்குப் போகும் காட்டுப்பாதை ஒன்று இருந்தது. அங்கே போவதாக முடிவானது. அத்தை வரவில்லை என்றாள். அத்தை வந்தால்தான் நாய் வண்டியில் ஏறும் என்று அப்பா ஒரே பிடிவாதமாக நின்றார். அது சுத்தப் பொய். வண்டிக் கதவு திறந்திருந்தால் யார் வண்டி என்றுகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் நாய் அது. ஆனாலும் அத்தை அதை மறுத்துச் சொல்லாமல் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். நாய் பின்னால் சரக்கு வைக்கும் இடத்தில், அத்தை முன்னால் ஜன்னலோரம். வழியெல்லாம் போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மலையடிவாரத்தில் சோதனைச்சாவடி. காக்கிச்சட்டைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

“நாய உள்ள விட முடியாது அண்ணாச்சி.”

“சங்கிலி போட்டுத்தான் வச்சிருக்கோம். இது ஒண்ணும் செய்யாது.”

“இது ஒண்ணும் செய்யாது. மேல கெடக்க சிறுத்த இத சும்மா விடாதுல்லா. நாய் மணம் பட்டாப் போதும், எறங்கி வந்துரும். அது போவ, நாய்க்கு உள்ள சீக்கு காட்டுல உள்ள மிருகத்துக்குத் தொத்திக்கிடும்.”

“இதுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு.”

“போட்டிருப்பீய. அத சிறுத்தைகிட்ட யாரு சொல்லதுக்கு?”

வேண்டுமானால் ஒருத்தர் நாயோடு இங்கேயே இருக்கட்டும், மற்றவர்கள் போய்வாருங்கள் என்றார் காக்கிச்சட்டைக்காரர். உடனே அத்தை “நான் இருக்கேன்” என்றாள். நாயோடு தனியாக இருக்கச் சம்மதிக்கும் அளவுக்கு அவளுக்கு எங்களோடு அருவிக்கு வர மனமில்லை. அப்பா வண்டியைத் திருப்பிவிட்டார். கால்வாய் ஓரத்தில் நிறுத்திப் புளியோதரையைத் தின்றுவிட்டு வந்த வழியே திரும்பினோம். ஒரு சிறுத்தை மலையிலிருந்து இறங்கி வந்து தின்ன ஆசைப்படும் அளவுக்கு நம் நாய் இருக்கிறது என்பதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊருக்கு வந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப்பாத்திரம் வாங்க வந்திருந்த ஒருவர் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி அம்புட்டுத் தூரம் போறீய? நம்ம தேரி எதுக்கு இருக்கு?”

தேரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஏரலுக்குத் தெற்கே கொஞ்சம் போனால் தரை திடீரென்று செக்கச்செவேல் என்று ஆகிவிடும். செம்மண்கூட இல்லை, செம்மணல். மேடு மேடாக, கடல் அலையை அப்படியே நிறுத்திவைத்தது போல. மேட்டில் பனை, பள்ளத்தில் முந்திரி, இடையில் முள்ளாக உடைமரம். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. அதைக் காடு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. காடு என்றால் பச்சையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

“எங்க கொல்லாத்தோப்பு வழியா போங்க,” என்றார் அவர். முந்திரியை எங்கள் பக்கத்தில் கொல்லாமரம் என்போம். “தோப்பு முடிஞ்சதும் ஒரு மேடு. மேட்டுக்கு அங்கன மழைத்தண்ணி அறுத்துப் போட்ட ஓடை ஒண்ணு கெடக்கு. அதப் புடிச்சுக் கீழ போனா சுன. இந்த மழைக்கு நல்லா தண்ணி ஊறி ஓடுது. நாய் என்ன, ஆனையக்கூடக் குளிப்பாட்டலாம். ஆனா ஓடக்கரை ஓரத்துல மட்டும் நடக்காதீய. ஈர மணலு, சரிஞ்சிரும்.”

இந்தத் தடவை அத்தை மறுக்கவே இல்லை. மறுத்தால் அப்பா என்ன பொய் சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நாய்க்கான சோற்றுத் தூக்கை அவளே எடுத்துக்கொண்டாள்.

வேனைத் தோப்புக்காரர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்தோம். முந்திரிக் கிளைகள் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தன. குனிந்து குனிந்து போக வேண்டியிருந்தது. அப்பா கையில் நாயின் வார். உண்மையில் அப்பா நாயைக் கூட்டிப்போகவில்லை, நாய்தான் அப்பாவைக் கூட்டிப்போனது. அது மூக்கைத் தரையில் வைத்து எடுக்கவே இல்லை. ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மோந்து, எதையோ புரிந்துகொண்ட மாதிரி தலையை ஆட்டி, அடுத்த மரத்துக்கு ஓடியது. அது அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

தோப்பு முடிந்து மணல்மேட்டில் ஏறியபோது கால் புதைந்தது. மழை பெய்து மேல்மணல் இறுகியிருந்தாலும் அப்பாவின் எடைக்கு அது தாங்கவில்லை. மேலே போய் நின்றதும் அம்மா “ஏ அம்மா” என்றாள். நாலாபக்கமும் சிவப்பு. அதற்குள் கரும்பச்சையாக மரங்கள். தூரத்தில் கிழக்கே ஒரு கோடு போலக் கடல். அத்தை கடலைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் கூசுகிறது போல என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் மயில் வந்தது. உடைமரத்துக்குப் பின்னாலிருந்து சாவகாசமாக நடந்து வந்து எங்களைப் பார்த்து நின்றது. பைலட்டும் நின்றது. பிறகு ஒரே பாய்ச்சல். அப்பாவும் அதன் கூடவே கொஞ்ச தூரம் பறந்து, முகம் குப்புற மணலில் விழுந்தார். வார் கையை விட்டுப் போய்விட்டது. மயில் எழும்பிப் பனைமட்டையில் போய் உட்கார்ந்தது. நாய் அது எழும்பியதைக் கவனிக்காமல் மேட்டைத் தாண்டி ஓடியது, ஓடியது, காணாமல் போனது.

அப்பா எழுந்து மணலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். “வந்துரும். எங்க போவப்போவுது?”

வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். சத்தம் மணலுக்குள் போய் அமுங்கிவிட்டது, எதிரொலிகூட இல்லை. கால்தடத்தைப் பார்த்துக்கொண்டு போனோம். முந்திரிச் சருகு தொடங்கும் இடத்தில் தடம் முடிந்துவிட்டது. அப்பா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அம்மாவை அங்கேயே நிற்கச் சொன்னார், நாய் திரும்பி வந்தால் பிடித்துக்கொள்ள. அவர் ஒரு பக்கம் போனார். அத்தையையும் என்னையும் மறுபக்கம் போகச் சொன்னார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு மெதுவாக, யாரோ அன்னியரைக் கூப்பிடுவது போல, “பைலட்” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம் கொஞ்சம் உரக்க. அப்புறம் கத்தினாள். கத்தக் கத்தக் குரல் உடைந்தது. நடை ஓட்டமானது. முள் கிழித்ததையும் சேலை மாட்டிக் கிழிந்ததையும் அவள் பார்க்கவில்லை. நான் பின்னால் இழுபட்டுக்கொண்டு போனேன்.

“மாமா வந்து கேட்டா நான் என்னளா சொல்லுவேன்?” என்றாள் திடீரென்று நின்று. என்னிடம் கேட்டாளா, தன்னிடமே கேட்டாளா என்று தெரியவில்லை.

“மாமா திட்ட மாட்டாவ அத்த,” என்றேன் சமாதானமாக.

அத்தை என்னைப் பார்த்தாள். “திட்டட்டும்ளா,” என்றாள். “வந்து நின்னு திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்.”

இதென்ன பேச்சு என்று எனக்குப் புரியவில்லை. திட்டு வாங்க ஆசைப்படும் ஒரு பெரிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

நின்ற இடத்தில் அத்தை கையிலிருந்த தூக்கைப் பார்த்தாள். அவ்வளவு நேரமும் அதை விடாமல் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறாள். மூடியை வளையலால் தட்டினாள். டிங், டிங். வீட்டு முற்றத்தில் கேட்கும் அதே சத்தம். தட்டிவிட்டுக் காத்திருந்தாள். காற்று பனையோலையில் உரசியது. மறுபடியும் தட்டினாள்.

குரைப்பு கேட்டது. எங்கோ கீழேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

சத்தம் வந்த பக்கம் ஓடினோம். மரங்கள் விலகிய இடத்தில் தரை பிளந்து கிடந்தது. அதுதான் அந்த ஓடை. மழைத்தண்ணீர் செம்மணலை அறுத்து அறுத்து, ஆள் உயரத்துக்கும் அதிகமான பள்ளமாக்கியிருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர். அடியில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரில் வயிறு நனைய பைலட் நின்றது. அதன் வார் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த வேரில் சுற்றிச் சிக்கிக் கிடந்தது. எங்களைக் கண்டதும் அது மேலே தாவியது. வார் இழுத்தது, வேர் ஆடியது, அதற்கு மேலிருந்த மணல் ஒரு கூடை அளவுக்குப் பொலபொலவென்று அதன் முதுகில் சரிந்தது. திரும்பவும் தாவியது. திரும்பவும் சரிந்தது. அந்த வேருக்கு மேலே ஒரு முழு முந்திரிமரம் சாய்ந்து நின்றது.

“தாவாத. தாவாத,” என்றாள் அத்தை. அதற்கு என்ன தெரியும்? அத்தை வந்துவிட்டாள், சோறும் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அது இன்னும் வேகமாகத் தாவியது.

அத்தை என் கையை விட்டாள். “நீ பின்னால போயி நில்லு. கரைக்கு வரக் கூடாது. அப்பாவக் கத்திக் கூப்பிடு,” என்றாள். அடுத்த நிமிஷம் அவள் உட்கார்ந்தபடியே சுவரில் சறுக்கிக் கீழே போய்விட்டாள். நான் கத்தினேன். அப்பாவைக் கூப்பிட்டேனா, அத்தையைக் கூப்பிட்டேனா என்று எனக்கே தெரியாது. அப்பாவும் அம்மாவும் ரெண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்தார்கள்.

எட்டிப் பார்த்தபோது அத்தை முழங்கால் தண்ணீரில் நின்று நாயின் கழுத்தை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு எட்ட நிற்கும் அத்தை. மறு கையால் வாரைக் கழுத்துப்பட்டையோடு சேர்க்கும் கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். நனைந்த வார் இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மேலே மரம் ஒரு முறை அசைந்தது. கொக்கி கழன்றது.

“ஏளா, இங்கன வா, இந்தப் பக்கம் வா,” என்று அப்பா கரை உறுதியாக இருந்த இடத்தைக் காட்டினார். பிறகு அவர் செய்த காரியத்தை ஏரல் பஜாரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கடையில் வேட்டியை மடித்துக்கட்டக்கூடத் தயங்கும் மனிதர், வேட்டியை அவிழ்த்து முறுக்கி ஒரு முனையைக் கீழே விட்டார். உள்ளே கோடுபோட்ட அரைக்கால் டவுசர். அத்தை நாயின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்துத் தூக்கினாள். அப்பா படுத்துக்கொண்டு கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் மேலே வந்து அப்பாவின் மேல் விழுந்தது. அப்புறம் அத்தை வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் நானும் சேர்ந்து இழுத்தோம். அவள் கரையேறி, நாங்கள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தபோது, அந்த முந்திரிமரம் அவசரமே இல்லாமல் சரிந்து, ஓடைக்குள் தலைகீழாகப் போய் இறங்கியது.

பைலட் உடம்பை ஒரு உதறு உதறி எங்கள் எல்லார் மேலும் செஞ்சேற்றைத் தெளித்துவிட்டு, அத்தையின் முகத்தை நக்கியது. அத்தை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அந்த மாதிரி அழுகையை நான் பார்த்ததில்லை. வாய்விட்டு, வயிற்றிலிருந்து வந்தது. நாயின் காதிலும் கழுத்திலும் முகத்தை அழுத்திக்கொண்டு, “வந்துட்டியா, வந்துட்டியா,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே அவளும் அழுதாள். அம்மாவுக்கு அந்த நாயைக் கண்டால் அறவே பிடிக்காது. குடம் நெளிந்த கணக்கெல்லாம் வைத்திருந்தவள். அப்பாவைப் பார்த்தேன். அவர் டவுசரோடு நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பனைமரத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதான் கெடச்சிட்டுல்லா அத்த,” என்றேன். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. ஒரு நாய்க்காகப் பெரியவர்கள் இத்தனை பேர் அழுவார்களா?

அழுது முடித்ததும் அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, “பசிக்கு மதினி,” என்றாள் அம்மாவிடம். அந்த வார்த்தைக்கு அம்மா எழுந்த வேகம் இருக்கிறதே! ஓடையை விட்டு விலகி, மேட்டு வழியாகவே சுற்றிப் போய்ச் சுனையைக் கண்டுபிடித்தோம். சிவப்பு மணலுக்கு நடுவில் பளிங்கு மாதிரித் தண்ணீர் ஊறி வழிந்துகொண்டிருந்தது. நாணலும் தாழையும் சுற்றி நின்றன. வாரில்லாத பைலட் அத்தையை விட்டு ஒரு அடி நகரவில்லை. அவள் தண்ணீரில் கால் வைத்த பிறகுதான் அதுவும் இறங்கியது. இறங்கியதும் நீந்தியது, முங்கியது, குச்சியைக் கவ்விக்கொண்டு வந்து அவள் காலடியில் போட்டது. அத்தை குச்சியைத் திரும்ப எறிந்தாள். எங்கேயோ கோணலாகப் போய் விழுந்தது. நாய்க்கு அதைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அத்தை கட்டுச்சோற்றில் அப்பாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அப்பா பசியில்லை என்று சொல்லிவிட்டு, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈர வேட்டி மரக்கிளையில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளை வேட்டி இனி ஜென்மத்துக்கும் வெள்ளையாகாது என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. வீட்டுக்கு ஏதோ பாரம் குறைந்த மாதிரி இருந்தது. என்ன பாரம் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு மழை விட்ட நாட்களில் எல்லாம் தேரிக்குப் போனோம். அப்பா பொய் சொல்லி அழைக்க வேண்டியிருக்கவில்லை. அத்தையே புது வாரை எடுத்துக்கொண்டு, “என்னளா, வாரியா?” என்று என்னைக் கேட்பாள். தோப்புக்கு அடியில், மேட்டுக்கு மேல், சுனைக்குக் கீழ் என்று எங்களுக்கு ஒரு பாதை பழகியது. மயிலைக் கண்டால் நாய் அத்தையின் முகத்தைப் பார்க்கும். அத்தை “வேண்டாம்” என்பாள். அது பெருமூச்சு விட்டுவிட்டு நடக்கும். மேட்டில் ஏறினால் அத்தை கிழக்கே கடல் தெரியும் இடத்தில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பாள். நாயும் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்க்கும்.

மார்கழி பிறந்திருந்தது. ஒரு காலை நேரம், நாங்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பாவின் போன் அடித்தது. அப்பா எடுத்துக்கொண்டு வழக்கம்போல வாழை மரத்தடிக்குப் போனார். போனவர் உடனே திரும்பி ஓடிவந்தார். “மாப்ள பத்திரமா கரைக்கு வந்துட்டாவ,” என்றார். போனை அத்தையிடம் நீட்டினார். அம்மா இட்லித்தட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். நான் அத்தைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனுக்குள்ளிருந்து மாமாவின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. கரகரவென்று, தூரத்திலிருந்து, அத்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

அத்தை போனைக் காதில் வைத்தாள். அவள் கையில் சட்னி ஒட்டியிருந்தது.

“சாப்பிட்டியளா?” என்றாள்.

அதற்கு அவர் என்ன சொன்னாரோ, “ம்” என்றாள். பிறகு, “சரி. பாத்து வாங்க. நாய் நல்லாருக்கு,” என்றாள். அவ்வளவுதான். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, எழுந்து கை கழுவி, இன்னொரு ஈடு இட்லி ஊற்ற அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எத்தனை நாள் கழித்து மாமா போன் பண்ணியிருக்கிறார். இவள் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆளிடம் பேசுவது போலப் பேசிவிட்டுப் போகிறாளே என்று நினைத்தேன். நாய் கிடைத்ததற்கு அவள் அழுத அழுகை என் காதிலேயே இருந்தது. அன்று பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடம், எங்கள் அத்தைக்கு மாமாவைவிட நாயைத்தான் ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. நான் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.